படிப்புக்கும் எடிட்டிங்குக்கும் ஒரே கணினி

பள்ளிப் பாடத்துக்கு மட்டும் கணினி வாங்குவது எளிது. பிடிஎஃப் படிக்கலாம், கூகுள் கிளாஸ்ரூமில் வீட்டுப்பாடம் ஏற்றலாம், ப்ராஜெக்ட் டைப் செய்யலாம், பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். இன்று விற்கும் சாதாரணக் கணினியே இவ்வளவையும் தாங்கும். அதே கணினியில் பள்ளி ஆண்டு விழா வீடியோவையோ, யூடியூப் சேனலுக்கான படத்தையோ எடிட் செய்ய உட்காரும்போதுதான் அது திணறுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தில் எடிட்டிங்தான் அளவுகோல். எடிட்டிங்கைத் தாங்கும் கணினி படிப்பையும் தாங்கும்.

இரண்டு விதிகளை மனதில் வையுங்கள். கணினியைப் பார்ப்பதற்கு முன் உங்கள் வீடியோ கோப்பைப் பாருங்கள். பின்னால் மாற்ற முடியாத பாகத்துக்கு முதலில் காசை ஒதுக்குங்கள். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுதான்.

ரூபாய்க் கணக்கு இதில் இருக்காது. ரேம், எஸ்எஸ்டி விலைகள் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகின்றன. அச்சில் போட்ட விலை உங்களைத் தவறான கடைக்குத்தான் அனுப்பும்.

முதல் வேலை வீட்டில்: கோப்பைப் படியுங்கள்

1. நீங்கள் வழக்கமாக எடுக்கும் வீடியோ ஒன்றைத் தொலைபேசியிலிருந்தோ கேமராவிலிருந்தோ கேபிள் போட்டுக் கணினியில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுக்காதீர்கள். அது கோப்பைச் சுருக்கிவிடும். நீங்கள் பார்ப்பது அசல் கோப்பாக இருக்காது. கணினி இல்லையென்றால் நண்பர் வீட்டிலோ பள்ளி லேபிலோ பார்க்கலாம்.

2. விஎல்சி பிளேயரில் திறந்து, டூல்ஸ் பட்டியலில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் தட்டுங்கள். நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: படத்தின் அளவு (1920 x 1080 அல்லது 3840 x 2160), விநாடிக்கு எத்தனை பிரேம், கோடெக் எச்.264-ஆ எச்.265-ஆ, நிறம் 8 பிட்டா 10 பிட்டா.

3. கோப்பின் அளவை அதன் நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை எம்பி என்று எழுதுங்கள். ஐபோனில் எச்.265 முறையில் எடுத்தால் 1080பி 30 பிரேமுக்கு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி, 4கே 30 பிரேமுக்குச் சுமார் 170 எம்பி ஆகும். 4கே-யில் ஒரு மணி நேரம் எடுத்தால் 10 ஜிபி போய்விடும்.

4. நீங்கள் செய்யப்போகும் மிக நீளமான வீடியோ எத்தனை நிமிடம், ஒரே நேரத்தில் எத்தனை அடுக்கு (படம், மேலே இன்னொரு படம், தலைப்பு, இசை) என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள்தான் கடையில் உங்கள் கையிலிருக்கும் ஆயுதம். இது எதற்கு என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த அத்தியாயத்தில் கோட்பாடு என்று இருப்பது இவ்வளவுதான்.

எச்.264, எச்.265 கோப்புகளில் எல்லா பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. அவ்வப்போது ஒரு முழுப் படம் வரும். இடையில் இருப்பவற்றில் என்ன மாறியது என்பது மட்டும் பதிவாகியிருக்கும். நேராக ஓடவிட்டால் கணினிக்குச் சிரமம் இல்லை. எடிட்டிங்கில் நீங்கள் முன்னும் பின்னும் இழுக்கிறீர்கள், நடுவில் வெட்டுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பிரேமை அக்கம்பக்கத்துப் பிரேம்களிலிருந்து கட்டி எழுப்ப வேண்டும். பிளேயரில் வழுக்கிக்கொண்டு ஓடும் வீடியோ டைம்லைனில் திக்கித் திணறுவது இதனால்தான்.

இந்த வேலைக்கென்றே இன்றைய சிப்களில் தனிப் பகுதி உண்டு. இன்டெல் அதைக் குயிக் சிங்க் என்கிறது. என்விடியா, ஏஎம்டி, ஆப்பிள் சிப்களிலும் அதே வேலைக்கான பகுதி இருக்கிறது. உங்கள் கோப்பு வகையை அந்தப் பகுதி படிக்குமா என்பதே முதல் கேள்வி. தொலைபேசியின் எச்.264, எச்.265 கோப்புகளைக் கடந்த சில ஆண்டுகளில் வந்த சிப்கள் எல்லாமே படிக்கும். மிரர்லெஸ் கேமராவில் 10 பிட் 4:2:2 என்று எடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அந்த வகை எச்.265 கோப்பை இன்டெல்லில் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையவையும், ஆப்பிள் எம் வரிசையும், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் சிப்பின் தனிப் பகுதியிலேயே கையாளும். மற்றவற்றில் புராசஸரே சுமக்க வேண்டிவரும். விலை உயர்ந்த மெஷினும் திணறும்.

புதிது வாங்காமலே தீருமா?

வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்தால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ வாங்கிய லேப்டாப்கூட இருக்கலாம். மூன்று சோதனைகள் செய்யுங்கள்.

1. உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். விநாடிக்கு 100, 150 எம்பி படித்த இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி 500-க்கு மேல் படிக்கும். படிப்புக்கு அந்தக் கணினி புதிதுபோல ஆகிவிடும்.

2. எடிட்டிங்குக்கு ப்ராக்ஸி முறையை முயலுங்கள். அசல் 4கே கோப்புக்குப் பதிலாகச் சிறிய நகல் ஒன்றை மென்பொருளே உருவாக்கிக்கொள்ளும். வெட்டி ஒட்டுவது நகலில் நடக்கும், கடைசியில் எக்ஸ்போர்ட் ஆவது அசலிலிருந்து. டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ், ஷாட்கட் மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. நகல் உருவாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

3. கணினி விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. தகுதி இல்லாத கணினியில் பெரிய காசு போடாதீர்கள்.

குறிப்பு: வாய் அசைவும் குரலும் போகப் போக விலகினால் கணினியைக் குறை சொல்லாதீர்கள். தொலைபேசிகள் வெளிச்சத்துக்கேற்பப் பிரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்யும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகம் என்று அமைத்துக் கோப்பை மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகப் புதுக் கணினி வாங்கி, அதிலும் அதே கோளாறு வந்து தவித்தவர்கள் உண்டு.

மென்பொருளை முதலில் முடிவு செய்யுங்கள்

மாணவருக்கு என் பரிந்துரை, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் கற்றுக்கொள்வது. வாட்டர்மார்க் கிடையாது, நிறத் திருத்தத்தில் தொழில்முறைக் கருவி, 4கே வரை எக்ஸ்போர்ட் செய்யும். ஆனால் அது கணினியிடம் நிறையக் கேட்கும்: 16 ஜிபி ரேம் வேண்டும், எஃபெக்ட் வேலைக்கான ஃப்யூஷன் பக்கத்தில் வேலை செய்தால் 32 என்று நிறுவனமே சொல்கிறது. கிராபிக்ஸையும் அது அதிகம் நம்பியிருக்கிறது. அவ்வளவு வசதியில்லாத கணினிக்குக் கேடென்லைவோ ஷாட்கட்டோ போதும். இரண்டும் இலவசம், திறந்த மூலம். பிரீமியர் புரோ மாதச் சந்தா. விஸ்காம் படிக்கப் போகிறவர்கள் கல்லூரியில் அதைத் தொடுவார்கள், அதுவரை பொறுக்கலாம்.

கிராக் செய்த பதிப்பைக் கடையில் சும்மா போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாதுகாப்பு மென்பொருளை அணைத்துவிட்டுத்தான் அவற்றை நிறுவ முடியும். அந்த வழியில் உள்ளே வருபவை உங்கள் மின்னஞ்சலையும் சேனலையும் கொண்டுபோய்விடும்.

தமிழில் தலைப்பு போடுபவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். "கொக்கு", "ஸ்ரீ", "பௌர்ணமி" என்று டைட்டிலில் அடித்துப் பாருங்கள். எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே தொங்கும். பிரீமியரில் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றினால் சரியாகும். எந்தக் கணினி வாங்கினாலும் இந்தக் கோளாறு தீராது. இது மென்பொருளில் உள்ளது. யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பழைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்தவற்றை யூனிகோடுக்கு மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா?

வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை என்றால் டெஸ்க்டாப் வாங்குங்கள். அதே காசுக்கு வேகம் கூடுதல், சூடு குறைவு, எந்தப் பாகத்தையும் தனித்தனியாக மாற்றலாம், பெரிய திரை கிடைக்கும். டைம்லைன் முன் இரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தவருக்குப் பெரிய திரையின் அருமை தெரியும். ஹாஸ்டலுக்குப் போகப்போகிறவர், வகுப்புக்கு எடுத்துச் செல்கிறவர் லேப்டாப்தான் வாங்க வேண்டும்.

மின்வெட்டு உள்ள ஊர் என்றால் லேப்டாப்பின் பேட்டரியே காப்பு. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஆல்-இன்-ஒன் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. லேப்டாப் பாகங்களைத் திரைக்குப் பின்னால் அடக்கியது அது. தூக்கிச் செல்லவும் முடியாது, பாகம் மாற்றுவதும் கடினம். குரோம்புக் படிப்புக்கு நல்லது, ஆனால் மேலே சொன்ன எடிட்டிங் மென்பொருள்களை அதில் அப்படியே நிறுவ முடியாது.

பாகம் பாகமாக

இங்கேதான் இரண்டாவது விதி வருகிறது. லேப்டாப்பில் புராசஸர், கிராபிக்ஸ், திரை மூன்றும் வாங்கிய அன்றே முடிந்துபோனவை. ரேமும் எஸ்எஸ்டியும் பல மாடல்களில் பின்னால் கூட்டக்கூடியவை. கையில் காசு குறைவாக இருக்கும்போது பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்: மட்டமான திரையும் பழைய சிப்பும் உள்ள மெஷினில் ஒரு டிபி இருக்கிறதே என்று மகிழ்கிறார்கள். மாற்ற முடியாத மூன்றையும் நன்றாக வாங்குங்கள். கூடுதல் ரேம் அடுத்த தீபாவளிக்கு வரட்டும்.

*புராசஸர்.* ஐ5, ஐ7, ரைசன் 5 என்ற ஒட்டு மட்டும் எதையும் சொல்லாது. முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். இன்டெல் லேப்டாப் சிப்களில் கடைசி எழுத்து யூ என்றால் மின்சாரம் சேமிப்பது, எச் என்றால் வேகத்துக்கானது. எடிட்டிங்குக்கு எச் வகை நல்லது. ஐ5-13420எச் போன்றவை மாணவருக்குத் தாராளம். 2023 கடைசியிலிருந்து இன்டெல் "ஐ" எழுத்தை விட்டுவிட்டுக் கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று பெயர் வைக்கிறது. அங்கும் யூ, எச் பார்வை பொருந்தும். செலரானும் "என்" (N) வரிசையும் படிப்போடு நின்றுவிடும்.

ரைசனில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை வடிவமைப்பு என்பதை அதுதான் சொல்லும். 7520யூ என்றால் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர். 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். 7540யூ என்றால் ஜென் 4. மூன்றின் மேலும் "ரைசன் 5, 7000 வரிசை" என்றே ஒட்டியிருக்கும். ஓர் இலக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் பல வருடப் பழைய சரக்கு வீட்டுக்கு வரும்.

டெஸ்க்டாப்பில் இன்டெல் எண்ணின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அதோடு குயிக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் காசு மிச்சம் என்று எஃப் வாங்கிக் கோப்பைப் படிக்கும் பகுதியை இழக்காதீர்கள்.

*ரேம்.* படிப்புக்கு 8 ஜிபி போதும். எடிட்டிங்குக்கு 16 இல்லாமல் இறங்க வேண்டாம். 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போடுவதைவிட இரண்டு 8 ஜிபியாகப் போட்டால் ரேமுக்கும் சிப்புக்கும் இடையே பாதை இரட்டிப்பாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம், ஏனென்றால் உள்ளமைந்த கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைத்திருக்கும். அங்கே ரேமும் மாற்ற முடியாத பட்டியலுக்குப் போய்விடுகிறது. முதலிலேயே 16 வாங்கியாக வேண்டும்.

*எஸ்எஸ்டி.* என்விஎம்இ வகை, 512 ஜிபி. இதற்குக் கீழே வேண்டாம். 256 என்று விற்பது விண்டோஸில் 238 ஆகவே தெரியும். விண்டோஸும் மென்பொருளும் எடுத்துக்கொண்டது போக, மேலே போட்ட நிமிடக் கணக்கின்படி உங்கள் வீடியோ எத்தனை மணி நேரம் அடங்கும் என்று வகுத்துப் பாருங்கள். டிஸ்க்கில் ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக விடுங்கள். முடிந்த படங்களைச் சேர்த்துவைக்க வெளி ஹார்ட் டிஸ்க் போதும். எடிட்டிங்கை மட்டும் அதில் வைத்துச் செய்யாதீர்கள்.

*திரை.* மாணவருக்கான லேப்டாப்களில் நிறுவனங்கள் காசு மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான். விவரத்தாளில் 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால், இணையத்துக்கான எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தத் திரையில் வராது. சிவப்புப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகத் தெரியும். நீங்கள் அது மங்கல் என்று எண்ணி நிறத்தை ஏற்றுவீர்கள்; அதே வீடியோவைத் தொலைபேசியில் பார்ப்பவருக்குக் கண் கூசும். 72 சதவீதம் என்டிஎஸ்சி அல்லது 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதைத் தேடுங்கள். ஐபிஎஸ் பேனலாக இருக்கட்டும். பட்ஜெட் இடிக்கிறது, திரை மட்டும் மோசம் என்றால், வீட்டில் ஒரு நல்ல மானிட்டரை எச்டிஎம்ஐ வழியே இணைத்து எடிட் செய்யலாம்.

*கிராபிக்ஸ் கார்டு.* 1080பி, தொலைபேசி வீடியோ, சின்னப் படங்கள் என்றால் தனிக் கார்டு தேவையில்லை. ரிசால்வில் நிறத் திருத்தம், எஃபெக்ட், 4கே என்று போகிறவருக்குத் தேவை. அப்போது கார்டின் பெயரை மட்டும் பார்க்காமல் அதன் நினைவகத்தையும் பாருங்கள்: ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு. 4கே டைம்லைனுக்கு 6 ஜிபி வாங்குங்கள். லேப்டாப்பில் அந்தக் கார்டுக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும்; வாட் குறைந்தால் அதே கார்டு மெதுவாக ஓடும்.

*மேக்புக்.* எடிட்டிங்குக்கு மேக்புக் ஏர் நல்ல கருவி. விசிறி இல்லை, சத்தம் இல்லை, பேட்டரி நெடுநேரம் நிற்கும், கேமரா கோப்புகளை அலட்டிக்கொள்ளாமல் படிக்கும். நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறிக் கொஞ்சம் வேகம் குறையும். ரேமையும் டிஸ்க்கையும் பின்னால் கூட்டவே முடியாது. 2024 அக்டோபருக்குப் பிறகு ஏர் 16 ஜிபியில்தான் தொடங்குகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 8 ஜிபி மாடலை எடிட்டிங்குக்காக எடுக்காதீர்கள். பள்ளியில் விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஏதும் கேட்கிறார்களா என்று ஆசிரியரிடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில்: லேப்டாப்

பென் டிரைவில் உங்கள் சொந்தக் கிளிப் இரண்டை எடுத்துச் செல்லுங்கள். "எடிட்டிங் எல்லாம் பறக்கும் தம்பி" என்று கடைக்காரர் சொல்லட்டும். நீங்கள் "அண்ணா, டெமோ பீஸ்ல ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்று கேளுங்கள். நல்ல கடையில் மறுக்க மாட்டார்கள்.

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியு மேல் தட்டினால் புராசஸரின் முழு எண் மேலே வலப்பக்கம் தெரியும். அட்டையில் எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

2. அடுத்து மெமரி மேல் தட்டுங்கள். எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் "சோடிம்" என்றிருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றிருந்தால் பலகையில் பற்றவைத்தது. விற்பனையாளருக்கே தெரியாத விவரம் பல சமயம் இந்த ஒரு வரியில் கிடைத்துவிடும்.

3. உங்கள் 4கே கிளிப்பைப் பென் டிரைவிலிருந்து லேப்டாப்புக்கு நகலெடுத்து ஓட்டுங்கள். முன்னும் பின்னும் வேகமாக இழுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டிகோட் வரைபடம் ஏறி, சிபியு அடங்கியிருந்தால் சிப் உங்கள் கோப்பை நேரடியாகப் படிக்கிறது. வரைபடம் அசையாமல் சிபியு மட்டும் எகிறினால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

4. திரையில் மனித முகம் உள்ள கிளிப்பை நிறுத்தி, பக்கத்தில் உங்கள் தொலைபேசியில் அதே பிரேமை வையுங்கள். தோலின் நிறம் சாம்பல் பூத்தாற்போல் தெரிகிறதா? திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள்; நிறம் மாறக் கூடாது. கடை விளக்கு வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும், ஆகவே தொலைபேசியோடு ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

5. மூடியை ஒரு கையால் திறந்து மூடுங்கள், கீபோர்டில் நான்கு வரி அடியுங்கள், எஸ்டி கார்டு துளை, எச்டிஎம்ஐ, யுஎஸ்பி-சி இருக்கின்றனவா என்று எண்ணுங்கள்.

6. டெமோ பீஸை வாங்காதீர்கள். சீல் உடைக்காத பெட்டியைக் கேளுங்கள்; உங்கள் கண்முன் திறக்கச் சொல்லி, பெட்டியின் சீரியல் எண்ணையும் லேப்டாப்பின் அடியில் உள்ள எண்ணையும் பில்லில் உள்ள எண்ணையும் மூன்றையும் ஒப்பிடுங்கள்.

கடையில்: அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்று நினைக்காதீர்கள். முதல் நாள் கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள்.

1. கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்துக்கும் நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். "16 ஜிபி ரேம், 450 வாட் எஸ்எம்பிஎஸ், 512 எஸ்எஸ்டி" என்று மட்டும் இருந்தால் அது கொட்டேஷனே அல்ல; எதை வேண்டுமானாலும் போட்டுத் தர இடம் விட்டிருக்கிறார்கள்.

2. எஸ்எம்பிஎஸ்ஸில் (மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) காசு குறைக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) சான்று உள்ளதைக் கேளுங்கள். மட்டமான எஸ்எம்பிஎஸ் பழுதானால் தன்னோடு மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகலாம்.

3. போர்டில் ரேமுக்கு நான்கு ஸ்லாட்டும், என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு இரண்டு ஸ்லாட்டும் இருந்தால் நல்லது. இப்போது நிரப்ப வேண்டியதில்லை.

4. விலை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். கணினிக்கு 18 சதவீதம். 40,000 என்று வாயால் சொன்னது பில்லில் 47,200 ஆகும். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி. பில்லில் சீரியல் எண் இல்லையென்றால் எஸ்எஸ்டி மூன்றாம் வருடம் பழுதாகும்போது கேட்க வழியிருக்காது.

5. பாகங்களின் காலிப் பெட்டிகளை எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரமும் பாதுகாப்பும்

* கணினி வைக்கும் இடத்தில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். கேபினட்டைத் தொடும்போது லேசாகச் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் துளையில் சொருகுவது உயிருக்கு ஆபத்து.

* யுபிஎஸ் பெட்டியில் 600 விஏ என்றிருந்தால் அது 600 வாட் அல்ல. வாட் தனியே எழுதியிருக்கும், பெரும்பாலும் 360. தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்புக்கு 1000 விஏ-க்குக் குறையாமல் வாங்குங்கள். லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் இணைக்காதீர்கள்.

* வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் மோடு என்ற ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் மாறும் கணத்தில் டெஸ்க்டாப் அணைந்து திரும்ப எழும்.

* இடி மின்னல் நேரத்தில் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். பிராட்பேண்ட் ரவுட்டரிலிருந்து வரும் லேன் கேபிளையும் எடுத்துவிடுங்கள்.

* எக்ஸ்போர்ட் ஓடும்போது லேப்டாப்பை மெத்தை மேலோ மடியிலோ வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துளை அடைபடும். சித்திரை வெயிலில் மூடிய அறையில் நீண்ட எக்ஸ்போர்ட் வேண்டாம், இரவில் ஓடவிடுங்கள்.

* டச்பேட் மேலெழும்பினாலோ அடிப்பலகை பிதுங்கினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது.

* டெஸ்க்டாப்பில் நீங்களே ரேம் போடுவதானால்: பிளக்கைக் கழற்றுங்கள், பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

முதல் வாரம்

1. மாற்றித் தரும் கெடு எத்தனை நாள் என்று பில்லில் பார்த்துக் காலண்டரில் குறியுங்கள். கீழே உள்ளவை அதற்குள் முடிய வேண்டும்.

2. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பிறகு அப்டேட்டுகளை முடியுங்கள்.

3. முழுத் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக நிரப்பி, அணைந்துபோன புள்ளிகள் உண்டா என்று தேடுங்கள்.

4. உங்கள் தாளில் எழுதிய அதே அளவில் ஒரு படத்தை எடிட் செய்து எக்ஸ்போர்ட் போடுங்கள். நடுவில் அணைகிறதா, நீலத் திரை வருகிறதா, விசிறி விடாமல் அலறுகிறதா என்று கவனியுங்கள். ஒரு முறை போதாது. சார்ஜர் போட்டு ஒரு முறை, பேட்டரியில் ஒரு முறை. பேட்டரியில் வேகம் குறைவது இயல்பு, அணைந்துபோவது கோளாறு.

5. பள்ளி வேலைக்கு ஒரு யூசர் கணக்கும் எடிட்டிங்குக்கு இன்னொன்றும் உருவாக்குங்கள். தேர்வுக் காலத்தில் இந்தப் பிரிப்பு நன்றாக உதவும்.

6. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே அசல் கோப்புகள், குரல், இசை, தலைப்பு, எக்ஸ்போர்ட் என்று ஐந்து சிறு ஃபோல்டர்கள். கிளிப்புகளை முதலில் இங்கே நகலெடுத்துவிட்டுப் பிறகே மென்பொருளில் இழுங்கள். தொலைபேசியிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நேராக இழுத்தால், அதைக் கழற்றிய மறுநாள் டைம்லைன் முழுக்கச் சிவப்பாக, கோப்பு காணவில்லை என்று நிற்கும்.

7. அசல் கோப்புகளை வெளி டிஸ்க்கிலும் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று ஓட்டிப் பார்த்த பிறகே தொலைபேசியிலிருந்து அழியுங்கள்.